மார்பைப் பிளக்காமல் கட்டியை அகற்றும் ரோபோ அறுவைச் சிகிச்சை

மனித உடலில் மருத்துவரின் கத்தி மிகுந்த தயக்கத்துடன் நுழைந்த இடம் மார்புக் கூடுதான். கையிலோ காலிலோ ஒரு கட்டி தோன்றினால் தோலைக் கீறி எடுத்துவிடலாம். வயிற்றில் என்றால் தசையை விலக்கி உள்ளே பார்க்கலாம். நெஞ்சின் நிலையோ வேறு. முன்னே மார்பெலும்பு, பக்கங்களில் விலா எலும்புகள், பின்னே முதுகெலும்பு என நாற்புறமும் எலும்பாலான வேலி. வேலிக்கு உள்ளே ஒரு நொடியும் ஓய்வறியாத இதயமும், காற்றால் விரிந்து சுருங்கும் நுரையீரல்களும். அந்த வேலியில் ஒரு திறப்பு ஏற்பட்டு வெளிக்காற்று புகுந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் காற்றிழந்த பலூன் போலச் சுருங்கிவிடும்.

இதனால்தான், "நெஞ்சில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்று மருத்துவர் சொன்னவுடன் நம் வீடுகளில் பெரும் கலக்கம் உண்டாகிறது. அதே மருத்துவர், "மார்பைப் பிளக்க வேண்டியதில்லை, ரோபோ மூலம் செய்யலாம்" என்று கூறினால் அந்தக் கலக்கம் இன்னொரு வடிவம் எடுக்கிறது. "வாப்பாவின் நெஞ்சை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைப்பதா?" என்று சிலர் அஞ்சுகின்றனர். வேறு சிலரோ, இயந்திரம் செய்தால் தவறே நேராது என நம்பி, நகையை விற்றேனும் அதையே செய்ய வேண்டும் எனத் துடிக்கின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் சரியானவை அல்ல. அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால், நெருக்கடியான நேரத்தில் நிதானமாக முடிவெடுக்க நம்மால் இயலும்.

மார்புக்குள் தோன்றும் கட்டிகள்

மார்புக்குள் தோன்றும் கட்டிகள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நுரையீரலில் தோன்றும் புற்றுக் கட்டிகள் ஒரு வகை. இரு நுரையீரல்களுக்கும் இடைப்பட்ட பகுதியில் தோன்றும் கட்டிகள் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையில் முக்கியமானது தைமஸ் சுரப்பியில் உண்டாகும் 'தைமோமா' என்னும் கட்டியாகும்.

தைமஸ் என்பது மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னால் அமைந்திருக்கும் ஒரு சிறு சுரப்பி. நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு பிரிவினர் பயிற்சி பெறும் பள்ளிக்கூடம் என்று அதைச் சொல்லலாம். குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருக்கும் அது, வாலிபம் கடந்தபின் படிப்படியாகச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அதில் கட்டி வளர்கிறது.

தைமோமா உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு 'மயாஸ்தீனியா கிரேவிஸ்' எனும் தசைத் தளர்ச்சி நோயும் சேர்ந்து வருகிறது. நரம்பிலிருந்து வரும் கட்டளையைத் தசை பெற்றுக் கொள்ளும் இடத்தையே உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாகக் கருதித் தாக்குவதால் இந்நோய் ஏற்படுகிறது. காலையில் நன்றாக இருப்பவருக்கு மாலையில் இமைகள் தாமாகவே தாழும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். உண்ணும்போது பாதியில் தாடை களைத்துவிடும். பேசப் பேசக் குரல் மூக்கால் ஒலிக்கும். ஓய்வெடுத்தால் எல்லாம் சரியானது போலத் தோன்றும். இதை வெறும் அசதி என்றும், கண்ணாடி மாற்றினால் போதும் என்றும் எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடுவோர் உண்டு. நோய் முற்றினால் மூச்சு விடும் தசைகளே தளர்ந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே, மாலையில் தாழும் இமையை எவரும் அலட்சியப்படுத்தலாகாது.

கத்தி கடந்து வந்த பாதை

1936ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவர், இந்தத் தசைத் தளர்ச்சி நோயால் வாடிய 19 வயதுப் பெண்ணொருத்தியின் மார்பெலும்பைப் பிளந்து தைமஸ் கட்டியை அகற்றினார். அவளுடைய உடல்நிலை வியக்கத்தக்க அளவு தேறியது. 1939இல் அவர் அதைப் பிரசுரித்தபோது, தைமஸை எடுப்பதால் தசைத் தளர்ச்சி குறையும் என்னும் கருத்து மருத்துவ உலகில் வேரூன்றத் தொடங்கியது. கட்டியே இல்லாத மயாஸ்தீனியா நோயாளிகளுக்கும் சுரப்பியை எடுப்பது பயன் தருமா என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் நீடித்தது. 126 நோயாளிகளை மூன்றாண்டுகள் கண்காணித்த பன்னாட்டு ஆய்வொன்று, பயன் உண்டு என்று 2016இல் உறுதி செய்தது. பிளாலாக் செய்த அறுவைக்கும் அந்த விடைக்கும் இடையே 80 ஆண்டுகள் சென்றன.

நுரையீரல் புற்றுக்கு வழி திறந்தவர் எவார்ட்ஸ் கிரஹாம். 1933 ஏப்ரல் 5ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரில், 48 வயதான ஒரு மருத்துவரின் இடது நுரையீரல் முழுவதையும் அவர் ஒரே அமர்வில் அகற்றினார். அந்த நோயாளி அதன்பின் சுமார் 30 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950இல் எர்ன்ஸ்ட் விண்டர் என்பவருடன் சேர்ந்து உலகுக்கு எடுத்துக்காட்டியவரும் இதே கிரஹாம்தான். நெடுநாள் புகைபிடித்து வந்த அவரே 1957இல் நுரையீரல் புற்றால் இறந்தார் என்பது உள்ளத்தை உருக்கும் செய்தியாகும்.

இந்த அறுவைகள் உயிரைக் காத்தன. ஆனால் கடும் வேதனையைத் தந்தன. மார்பெலும்பை ரம்பத்தால் அறுத்து, பணி முடிந்ததும் கம்பியால் கட்டுவர். அது கூடுவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். குழந்தையைத் தூக்குவதற்கும், தண்ணீர்க் குடத்தை எடுப்பதற்கும், தொழுகையில் கையூன்றி எழுவதற்கும் கூட அதுவரை கவனம் தேவை. பக்கவாட்டில் கீறினாலோ விலா எலும்புகளை இரும்புக் கருவியால் அகற்றிப் பிடிக்க வேண்டும். விலாக்களின் கீழ் ஓடும் நரம்புகள் அதில் நசுங்குவதால், புண் ஆறிய பின்னும் சிலருக்கு வலி மாதக்கணக்கில் தொடரும். மூச்சை இழுத்து இருமினால்தான் சளி வெளியேறும். வலிக்கு அஞ்சி இருமாமல் இருந்தால் நிமோனியா வரும். ஆகவே, காயத்தைச் சிறிதாக்குவது வெறும் அழகுக்காக அன்று, மூச்சுக்காகவும்தான்.

துளை வழியே ஒரு பார்வை

மார்பைத் திறக்காமல் உள்ளே பார்க்க முடியும் என்பதைக் காட்டியவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ். சிறுநீர்ப்பைக்குள் பார்க்கப் பயன்பட்ட குழாய்க் கருவியை மார்புக்குள் செலுத்திப் பார்த்து, 1910இல் தம் அனுபவத்தை அவர் வெளியிட்டார். காசநோயாளிகளின் சிகிச்சைக்கு அது பயன்பட்டது. காசத்துக்கு நல்ல மருந்துகள் வந்தபின் அதன் தேவை குறைந்தது.

பின்னர் சிறு வீடியோ காமிராக்கள் வந்ததும், 1990களின் தொடக்கத்தில் இம்முறை புத்துயிர் பெற்றது. இத்தாலியின் மிலான் நகர மருத்துவர் ஜியான்கார்லோ ரொவியாரோ 1991இல் வீடியோ துணையுடன் நுரையீரலின் ஒரு மடலையே அகற்றினார். விலா எலும்புகளுக்கு இடையே இரண்டு, மூன்று துளைகள். ஒன்றில் காமிரா, மற்றவற்றில் நீண்ட கருவிகள். இன்றும் உலகெங்கும் பரவலாகச் செய்யப்படும் சிறந்த முறை இது.

ஆனால் அதில் சில சங்கடங்கள் இருந்தன. நீண்ட குச்சி போன்ற அந்தக் கருவிகள் மணிக்கட்டைப் போல வளைவதில்லை. துளையே அச்சாக இருப்பதால், மருத்துவர் கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் செல்லும். சாதாரணத் திரையில் ஆழம் தெரியாது. நுரையீரலின் வெளிப்பகுதியில் இது பெரிய தடையன்று. மார்பெலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே உள்ள குறுகிய இடுக்கில், பெரிய இரத்தக் குழாய்களின் அருகே, இது கடினமான வேலையாகும். ரோபோவின் தேவை இங்குதான் எழுந்தது.

ரோபோ என்பது என்ன?

'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்தது செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய நாடகம். அச்சொல்லைக் கேட்டதும் தானே சிந்தித்து நடமாடும் இரும்பு மனிதன் நம் மனக்கண்ணில் தோன்றுகிறான். அறுவை அரங்கில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்றன்று. போர்க்களத்தில் காயமுற்றவருக்குத் தொலைவிலிருந்தே சிகிச்சை செய்ய இயலுமா என்று அமெரிக்க இராணுவத்தின் ஆதரவில் நடந்த ஆராய்ச்சியே இதன் மூலங்களுள் ஒன்று. கலிபோர்னியாவின் இன்டியூட்டிவ் சர்ஜிகல் நிறுவனம் உருவாக்கிய 'டா வின்சி' எனும் சாதனத்துக்கு 2000ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அது மார்பு அறுவைக்கும் வந்தது. இத்தாலியின் பீசா நகரில் பிரான்கா மெல்ஃபி என்ற பெண் மருத்துவரின் குழுவினர் தம் தொடக்க அனுபவத்தை 2002இல் வெளியிட்டனர். ஜெர்மனியின் பெர்லினில் உள்ள சாரிட்டே மருத்துவமனையில் 2003 முதல் தைமஸ் அறுவை இம்முறையில் நடந்து வருகிறது.

இச்சாதனத்தில் மூன்று பகுதிகள் உண்டு. நோயாளியின் அருகே நிற்கும் நான்கு கரங்கள் ஒன்று. படத்தையும் ஒளியையும் கவனிக்கும் அமைப்பு மற்றொன்று. சில அடி தள்ளி மருத்துவர் அமரும் இயக்குமேடை மூன்றாவது. மருத்துவர் அதில் தலையைப் பதித்து நோக்கினால், மார்பின் உட்புறம் ஆழத்துடன், பல மடங்கு பெரிதாகத் தெரியும். அவர் விரல்களை எப்படி அசைக்கிறாரோ, அப்படியே உள்ளிருக்கும் சிறு கருவியின் நுனி அசையும். அந்த நுனி மணிக்கட்டைப் போல எல்லாப் பக்கமும் வளையும். மருத்துவரின் கையில் இயல்பாக உள்ள சிறு நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். அவர் கை பெரிதாக அசைந்தாலும் நுனி சிறிதளவே அசையும்படி அமைத்துக் கொள்ளலாம். அவர் தலையை விலக்கிய மறுகணமே கரங்கள் அசைவற்று நின்றுவிடும்.

எழுதுகோல் தானாக எழுதுவதில்லை. எழுதுபவரின் கல்வியே எழுத்தாக வெளிப்படுகிறது. அதுபோல இங்கே அறுப்பதும் தைப்பதும் மருத்துவர்தாம். ரோபோ அவருடைய கையின் நீட்சி மட்டுமே.

அறுவை அரங்கினுள்

தைமோமா அறுவை எவ்வாறு நடக்கிறது என்று பார்ப்போம். நோயாளிக்கு முழு மயக்கம் கொடுத்து, இரு நுரையீரல்களுக்கும் தனித்தனியே காற்றுச் செலுத்தவல்ல இரட்டைக் குழாயை மூச்சுக் குழலில் பொருத்துவர். பின் ஒரு பக்க நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தி, மறு பக்கத்தால் மட்டும் சுவாசிக்கச் செய்வர். விலா எலும்புகளுக்கு இடையே சுமார் 8 மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று அல்லது நான்கு துளைகள் இடப்படும். குறைந்த அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தி வேலை செய்ய இடம் உண்டாக்கப்படும்.

அதன்பின் மருத்துவர் முதலில் தேடுவது கட்டியை அல்ல. உதரவிதானத்தை இயக்கும் நரம்பை. இதயத்தின் பக்கவாட்டில் இறங்கிச் செல்லும் அந்த மெல்லிய நரம்பு சேதமடைந்தால் மூச்சு பாதிக்கப்படும். அதைக் காத்துக் கொண்டு, தைமஸையும் சுற்றியுள்ள கொழுப்பையும் உதரவிதானத்திலிருந்து கழுத்துவரை சேர்த்துப் பிரித்தெடுப்பர். சுரப்பியிலிருந்து பெரிய சிரையில் சேரும் சிறு நாளங்களை அடைத்துத் துண்டிப்பர். பின்னர் அனைத்தையும் ஒரு பையிலிட்டு, துளைகளில் ஒன்றைச் சற்று விரிவாக்கி வெளியே எடுப்பர். கட்டியின் உறை கிழியலாகாது என்பதே இங்கு தலையாய விதி. உறை கிழிந்து அணுக்கள் சிதறினால் நோய் பின்னாளில் நெஞ்சறையில் மீண்டும் முளைக்கக் கூடும். முழுமையாக எடுக்கத்தக்க தைமோமா என்று ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்போது, பல சமயங்களில் ஊசி குத்திச் சோதிக்காமல் நேரே அறுவைக்குச் செல்வதும் இக்காரணத்தால்தான்.

நுரையீரல் புற்றில் இன்னொரு நன்மையும் உண்டு. வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடதில் இரண்டும் உள்ளன. புற்று இருந்தால் மடல் முழுவதையும் எடுப்பதே நெடுங்கால வழக்கம். 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவாத, நுரையீரலின் ஓரப்பகுதிக் கட்டிகளுக்கு மடலின் ஒரு பகுதியை எடுத்தாலே போதும் என்று 2022இல் ஜப்பானிய ஆய்வும், 2023இல் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் நடந்த ஆய்வும் காட்டின. அந்தப் பகுதியின் எல்லையைக் கண்டறிய ஒரு பச்சைச் சாயத்தை இரத்தத்தில் செலுத்துவர். எடுக்க வேண்டிய பகுதியின் இரத்தக் குழாய் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருப்பதால் அது இருண்டும், மற்ற பகுதி ரோபோவின் சிறப்புக் காமிராவில் பச்சையாக ஒளிர்ந்தும் தோன்றும். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பது அவ்வாறு புலனாகிறது.

ஆய்வுகள் கூறும் உண்மை

இத்தனை சிறப்புகளைக் கேட்டபின், ரோபோவே எல்லாவற்றிலும் மேலானது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம்.

மார்பைத் திறக்கும் முறையையும் வீடியோத் துளை முறையையும் ஒப்பிட்டு, பிரிட்டனில் 9 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியாயிற்று. துளை முறையில் சிகிச்சை பெற்றோர் ஐந்து வாரங்களில் கூடுதல் இயக்கத்துடன் இருந்தனர்; முன்னதாகவே வீடு திரும்பினர். ஆகவே சிறு காயத்தின் நன்மை ஐயத்துக்கு இடமற்றது.

வீடியோ முறைக்கும் ரோபோ முறைக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்த அளவுக்குப் பெரிதன்று. சீனாவின் ஷாங்காய் நகரில் 320 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரோபோ முறையில் நிணநீர் முடிச்சுகளைக் கூடுதலாக எடுக்க முடிந்தது. அறுவையை ஒட்டிய மற்றப் பலன்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. கனடா நாட்டு மருத்துவர்களின் தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வும், நோயாளியின் அன்றாட வாழ்க்கைத் தரம் இரு முறைகளிலும் ஒத்திருந்ததாகவே கண்டது. எனவே, உங்கள் ஊருக்கு அருகில் ரோபோ இல்லை, வீடியோ முறையில் தேர்ந்த மருத்துவர் இருக்கிறார் என்றால், நீங்கள் எதையோ இழந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை.

எச்சரிக்கையும் தேவை. கருப்பை வாய்ப் புற்றில், துளை வழி அறுவை பெற்றோர் திறந்த அறுவை பெற்றோரைவிடக் குறைந்த காலமே நோயின்றி வாழ்ந்தனர் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. அதையடுத்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், புற்று நோயில் ரோபோவைப் பயன்படுத்தும்போது நன்மை தீமைகளை நோயாளியிடம் எடுத்துரைக்குமாறு 2019இல் அறிவுறுத்தியது. அது வேறோர் உறுப்பைப் பற்றிய முடிவுதான். எனினும், சிறிய காயம் எல்லா இடத்திலும் சிறந்த சிகிச்சையாகிவிடாது என்னும் பாடம் அனைவருக்கும் பொது.

குறைகளும் செலவும்

நெடுங்காலம் ரோபோவின் பெருங்குறை, தொட்டுணர முடியாமைதான். நூலை இழுக்கும் வலுவை மருத்துவர் கண்ணால் மட்டுமே ஊகிக்க வேண்டியிருந்தது. 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'டா வின்சி 5' எனும் புதிய வகையில் அந்த அழுத்த உணர்வு ஓரளவு தரப்பட்டுள்ளது. மிகப் பெரிய கட்டிகள், முக்கிய இரத்தக் குழாய்களுக்குள் ஊடுருவிய கட்டிகள், முந்தைய நோயால் நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டிக் கொண்டவர்கள் ஆகிய நிலைகளில் திறந்த அறுவையே பாதுகாப்பாக இருக்கலாம். அறுவை நடுவே இரத்தப் பெருக்கு ஏற்பட்டால் உடனே மார்பைத் திறக்கவும் நேரும். அப்படித் திறப்பதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள்; உயிரைக் காக்க எடுக்கும் சரியான முடிவு அது.

செலவு அடுத்த கவலை. இயந்திரத்தின் விலை பல கோடி. கருவிகளையும் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பயன்படுத்த இயலாது. நம் நாட்டில் பெரும்பாலும் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளிலேயே இவ்வசதி இருக்கிறது. எனினும் சென்னை ஓமந்தூரார் வளாகத்திலுள்ள அரசு பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022இல் சுமார் 35 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ அறுவை மையம் அமைக்கப்பட்டது. இந்தியாவிலேயே உருவான 'எஸ்எஸ்ஐ மந்த்ரா' எனும் சாதனமும் புழக்கத்துக்கு வந்துள்ளது. எனவே கடன் வாங்குவதற்கு முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை விசாரித்துக் கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கட்டியை முழுமையாக எடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். எந்த முறையில் எடுத்தால் அது உறுதி என்று அடுத்துக் கேளுங்கள். இந்த அறுவையை இதே முறையில் அவர் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், எத்தனை பேருக்கு மார்பைத் திறக்க நேர்ந்தது என்று கேளுங்கள். முன்னோ பின்னோ மருந்துச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தேவைப்படுமா, மொத்தச் செலவு எவ்வளவு என்றும் தெரிந்து கொள்ளுங்கள். மயாஸ்தீனியா நோயாளியாயின், நரம்பியல் மருத்துவரின் ஆலோசனையோடுதான் அறுவை நடக்கிறதா என்பதை உறுதி செய்து கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றினும் மேலானது காலம். நுரையீரல் புற்றும் காசமும் இருமல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் எனப் பல அறிகுறிகளில் ஒத்திருக்கின்றன. அதனால் நம் நாட்டில் புற்றைக் காசம் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து உண்டு, காலம் கடந்து வருவோர் உண்டு. காச மருந்து உண்டும் குணம் தெரியவில்லை என்றால் ஸ்கேன் எடுக்கத் தயங்காதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர் வீட்டில் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது வருபவருக்கே சிறிய துளையின் பயன் கிட்டும். முற்றிய பின் வருபவருக்கு எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் இருந்தும் அது துணை செய்ய இயலாது.

தோலின் மேல் உள்ள தழும்பு எத்தனை சிறியது என்று உறவினர் பார்ப்பர். உள்ளே நோய் முழுமையாக நீங்கியதா என்று மருத்துவர் பார்ப்பார். முடிவெடுக்கும் நேரத்தில் நீங்கள் மருத்துவரின் கண்ணால் பாருங்கள். முழுமையாக நீக்கும் முறை எதுவோ அதுவே உங்களுக்குரிய முறை. அது ரோபோவின் சிறு துளையாகவும் அமைந்துவிட்டால், மகிழ்ச்சியோடு ஏற்றுக் கொள்ளுங்கள்.